பின்னறைப் பிள்ளைகள் தூங்கிய மார்கழி

வருகைப் பதிவை மொபைலில் ஏற்றுவதற்காக நான் கேட் பக்கம் போயிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் போன் பேச எங்கேயும் முடியும், நெட் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் ஒருவழியாக ஏறிவிடும். தெருவில் போகிறவர்கள் நான் யாருக்கோ டாட்டா காட்டுவதாக நினைத்துக்கொண்டு பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கும் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். வராந்தாவில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. பின்னறையிலிருந்து சத்தமே வரவில்லை.

டீச்சர் இல்லாத வகுப்பு எப்படி இரைந்துகொண்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளையும் அந்த ஒரே அறையில் வைத்துத்தான் பாடம் நடத்தினேன். நான் இருக்கும்போதே கூரை அதிரும்.

கதவைத் தள்ளினேன். எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் இருவர் அல்ல. எல்லோரும். பெஞ்சில் கன்னத்தை வைத்தபடி, பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்தபடி, சுவரில் முதுகை ஒட்டியபடி. ஒரு பையன் விரல்களுக்கிடையில் பென்சிலை எழுதுகிற மாதிரியே பிடித்திருந்தான். மூன்றாம் வகுப்புத் தாரணி வாயைத் திறந்து, நோட்டின் மேல் எச்சில் வழியத் தூங்கினாள். எல்லோருக்கும் கன்னம் சிவந்திருந்தது. நல்ல ஊட்டமான பிள்ளைகளைப் போல அழகாக இருந்தார்கள்.

கை தட்டினேன். யாரும் அசையவில்லை. தாரணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். யார் என்று தெரியாத மாதிரிப் பார்த்தாள்.

"தலை கனமா இருக்குதுங்க டீச்சர்" என்றாள். மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

எனக்கும் அந்த அறைக்குள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அது பயமாக இல்லை. சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் என்னை உலுக்கியது. ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, சிலரை இழுத்தும் சிலரைத் தூக்கியும் வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தேன். முன்னறையில் நான்காம் ஐந்தாம் வகுப்பு எடுக்கிற விஜயா டீச்சரும் ஓடிவந்தாள். இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள்.

இடைவேளை மணி அடிக்கும்போது அதே பிள்ளைகள் மரத்தைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களைப் பற்றி வாராவாரம் எழுதுகிறேன். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊரின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. அங்கே எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள். நான் ஓய்வு பெற்றதும் அங்கேதான்.

இரண்டே அறை உள்ள பள்ளி. முன்னறை ரோட்டைப் பார்த்தது. பின்னறையின் ஜன்னலுக்கு வெளியே ஆள் நடக்கிற அளவு சந்து, அதற்கப்பால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பி மில். இரும்புக் கட்டிகளைச் சூளையில் பழுக்கக் காய்ச்சி, வீடு கட்டுகிற கம்பியாக உருட்டுகிற ஆலை.

சூளைக்கு அந்தக் காலத்தில் எண்ணெய் எரித்தார்கள். டேங்கர் லாரியில் கறுப்பாகக் கெட்டியாக வரும். அது எரிந்தால் மதிலுக்கு மேல் கரும்புகை சுருண்டு எழும். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் கரித்துகள் விழும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். புகை கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் அதற்கு ஒதுங்கவும் தெரிந்தது.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்த வருஷம் எண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை என்று மில்லில் கேஸ் பிளான்ட் போட்டார்கள். தார்ப்பாய் கட்டிய லாரிகளில் நிலக்கரி வந்தது. மதிலை ஒட்டி ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் எழுந்தது. அதற்குள் கரியைப் போட்டு, முழுதாக எரியவிடாமல் புழுங்க வைத்து, அதிலிருந்து வருகிற வாயுவைக் குழாய் வழியாகச் சூளையின் பர்னருக்குக் கொண்டுபோனார்கள். இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் புகை நின்றுவிட்டது என்பதுதான்.

கரும்புகை போய்விட்டதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

வேறு சில விஷயங்கள் நடந்தன. சந்துப் பக்கம் நீட்டியிருந்த வேப்பங்கிளையில் இலையெல்லாம் பிசுபிசுத்தது. சில காலைகளில் ரோடு போடுகிற தார் வாசம் வந்தது. சில காலைகளில் அழுகின முட்டை வாசம். பிறகு வாசம் வந்ததா இல்லையா என்றே தெரியாமல் போனது. மூக்கு பழகிவிட்டது.

தாரணியின் கொலுசு கறுத்தது. சேலத்தில் வாங்கின நல்ல வெள்ளிக் கொலுசு. அவள் அம்மா திருநீறு போட்டுத் தேய்த்து அனுப்புவாள். ஒரு வாரத்தில் மறுபடி அடுப்புக்கரி பூசிய மாதிரி ஆகிவிடும். குனிந்து பார்த்தால் என் கால் மெட்டியும் கறுத்திருந்தது.

மூடிய கிணறு

பிள்ளைகள் தூங்கிய செய்தி பொழுதோடு ஊருக்குள் பரவிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கின.

சத்துணவு சமைக்கிற சரசுதான் விஷயத்தைச் சொன்னாள். "அந்த ரூமு இருக்கறது கெணத்து மேலங்க டீச்சர். பள்ளிக்கூடம் கட்டறப்பத் தூர்த்துட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தி கொழந்தையோட அதுல உழுந்துட்டா. எல்லாத்துக்கும் தெரியும். உங்ககிட்டச் சொல்லலை, அவ்வளவுதான்."

"இத்தனை வருஷம் இல்லாம இப்ப என்ன சரசு?"

"எனக்கென்னங்க தெரியும். வெள்ளி கறுக்குதுன்னா காத்துக் கருப்பு அண்டிருச்சுன்னுதான சொல்லுவாங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை பூசாரி வந்து அறைக்குள் சாம்பிராணி போட்டார். நான்கு மூலையிலும் தண்ணீர் தெளித்தார். நான் தடுக்கவில்லை. பெற்றோர் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை பிள்ளைகள் மறுபடியும் கண் சொருகினார்கள்.

தினமும் இப்படி ஆகவில்லை. அதுதான் குழப்பம். பனி இறங்கி, காற்றே அசையாமல் நிற்கிற காலைகளில் மட்டும் ஆனது. வெயில் ஏறி இலை ஆட ஆரம்பித்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். முன்னறைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லேசான தலைவலி, அவ்வளவுதான்.

துணை சுகாதார நிலையத்து நர்ஸை வரச்சொன்னேன். அவர் கொரோனா காலத்தில் எல்லோர் விரலிலும் மாட்டினோமே, அந்தச் சின்னக் கருவியைக் கொண்டுவந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் மாட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் நல்ல எண்தான் காட்டியது.

"ரத்தத்துல ஆக்ஸிஜன் அருமையா இருக்குதுங்க டீச்சர். ராத்திரி முழுக்க போனு பார்க்குதுங்க, அதான் பகல்ல தூக்கம்" என்றார். பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

நானும் அதை நம்பப் பார்த்தேன். விடுப்புக் காலத்தில் போனில் பாடம் படித்த பிள்ளைகள், பழக்கம் கெட்டுப்போயிருக்கும் என்று. ஆனால் கருவி மாட்டியிருந்தபோதே ஒரு பையன் தூங்கி விழுந்தான். விரல் நுனியில் சிவப்பு எழுத்து நல்லபடியாக மின்னிக்கொண்டிருந்தது.

அக்காவின் குஞ்சு ஷெட்

அரையாண்டு விடுமுறை முடிகிற சமயத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் பிறந்தது பரமத்தி வேலூர். வெற்றிலைக் கொடிக்காலும் வாய்க்கால் தண்ணீருமாக வளர்ந்தவள். அக்காவைக் கொடுத்தது நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணை வீட்டில்.

அக்கா காபி ஆற்றிக்கொண்டே கேட்டாள். "ஏம்புள்ள, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

பிள்ளைகள் தூங்கியதைச் சொன்னேன். கன்னம் சிவந்திருந்ததையும் சொன்னேன். அக்கா ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் இருவரும் ஒரே காட்சியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அதே பண்ணையில், ஒரு குளிர்காலத்தில், புதிதாக இறக்கிய குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும் என்று ஷெட்டைச் சுற்றிப் படுதா கட்டி, உள்ளே கரியடுப்பு வைத்திருந்தார்கள். படுதாவை ஒரு விரல் இடைவெளி இல்லாமல் கட்டிவிட்டார் மாமா. காலையில் நானும் அக்காவும்தான் படுதாவைத் தூக்கினோம். மஞ்சள் குஞ்சுகள் ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்திருந்தன. மிதிபட்டோ நசுங்கியோ இல்லை. தூங்குகிற மாதிரி இருந்தன. அக்கா "ச்சூ ச்சூ" என்று தீனித் தட்டை ஆட்டினாள். ஒரு தலைகூட நிமிரவில்லை.

கால்நடை டாக்டர் வந்து ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. காற்று போதாமல் எரிகிற கரி ஒரு வாயுவை விடும், அதற்கு நிறமும் கிடையாது வாசமும் கிடையாது என்று சொன்னார். நான் அப்போது கல்லூரிப் பெண். கேட்டேன், மறந்துவிட்டேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல எங்கயாச்சும் கரி எரிக்கறாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன்.

புகையே இல்லையே

மில் முதலாளி பொன்னுசாமி எனக்குப் பழக்கமானவர்தான். பள்ளிக்கூடம் நின்ற இடம் அவர் குடும்பம் கொடுத்தது. பெஞ்சுகள் அவர் வாங்கிப் போட்டவை. ஊரில் பாதி வீட்டில் ஒருவராவது அவர் மில்லில் வேலை பார்த்தார்கள். தாரணியின் அப்பா குமரேசன்தான் அங்கே ஃபோர்மேன்.

அலுவலகத்தில் உட்காரவைத்து மோர் கொடுக்கச் சொன்னார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கோபப்படவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்றேனுங்க, தப்பா நெனைக்காதீங்க. முன்னாடி ஆயில் எரிச்சப்பக் கரும்பொகை வந்துச்சு. அப்ப ஒரு புள்ளையும் தூங்கலை. இப்பக் கேஸு எரியுது. சிம்னியப் பாருங்க, பொகையே இல்லை. இப்பப் போயி தூங்குதுன்னா நான் என்னங்க பண்றது?"

"புகை இல்லாததுதாங்கண்ணா பயமா இருக்குது."

"பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இதைத்தான் போட்டிருக்கு. எங்காளுக அதுக்குள்ளயேதான நிக்கறாங்க?"

"அவங்களுக்குத் தலைவலி இல்லீங்களா?"

அவர் வெளியே சூளைப் பக்கம் பார்த்தார். பிறகு, "சூளைக்குப் பக்கத்துல நின்னா யாருக்குத்தான் தலைவலிக்காது" என்றார்.

எழுந்தேன். எழுந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. "நாளைக்குக் காலையில நீங்க எங்க வகுப்புல வந்து உக்காருங்கண்ணா. பிள்ளைங்க வேண்டாம், அவங்களைப் பஜனை மடத்துல உக்கார வெச்சிடறேன். நீங்களும் நானும் மட்டும். இடைவேளை மணி வரைக்கும். ஒண்ணுமில்லைன்னா நான் இனிமே இந்தப் பேச்சை எடுக்கலை."

அவர் சிரித்தார். "பரிட்சை வெக்கறீங்களா எனக்கு? சரி, வாரேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "மில்லுல யாருக்கும் சொல்ல வேண்டாம். நான் அங்க இருக்கேன்னு தெரிஞ்சா காலையில பிளான்ட்டை வேற மாதிரி ஓட்டுவாங்க. எப்பவும் ஓட்டற மாதிரியே ஓட்டட்டும்" என்றார். நேர்மையான மனிதர். அதை நான் இங்கே எழுதியாக வேண்டும்.

அந்தக் காலை

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்திருந்த நாள்கள். அன்றைக்குப் பனி தரையோடு படுத்திருந்தது. சங்ககிரி மலை தெரியவில்லை. மதில் தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வேப்பமரத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

விஜயா டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் பஜனை மடத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். பொன்னுசாமி காரை விட்டுவிட்டு நடந்தே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னறையில் முதல் வரிசைப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். நான் எதிரில் என் நாற்காலியில். பிள்ளைகள் இருக்கும்போது எப்படியோ அப்படியே கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

முதலில் நன்றாகப் பேசினார். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், பேரனுக்குத் தமிழ் வரவில்லை என்றார். சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்து, "இது மாடா, நாயா?" என்று கேட்டார். நான் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

ஒரு கட்டத்தில் அவர் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனதைக் கவனித்தேன். கவனித்தேனே தவிர, அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நெற்றியைச் சுற்றி ஈரத்துணி கட்டி இறுக்கின மாதிரி இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் எப்போதும் கேட்கிற இரைச்சல் மாறியிருந்தது. உறுமல் போய், வெறும் காற்று ஊதுகிற சத்தம் மட்டும் வந்தது.

"தலை வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க" என்றார். கன்னம் சிவந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

பிறகு என் தோளுக்கு மேலே, அறையின் மூலையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "ஏஞ்சாமி, எல்லாரும் மடத்துக்குப் போயிட்டாங்க. நீ மட்டும் ஏன் இங்க நிக்கறே?"

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிணறு, குழந்தை என்று சரசு சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஊர்க்காரர், அவருக்கே தெரிந்திருக்கும் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவர் குனிந்து பையைப் பார்த்தார். மெல்லிய துணி வழியாக வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்துப் புன்னகை செய்தார். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

எடுங்கண்ணா என்று சொல்ல நினைத்தேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். என் குரல் எனக்குக் கேட்கவில்லை. எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. கதவு எதிரிலேயே இருந்தது. கால்கள் வேறு யாருடையவையோ போல நாற்காலிக்குக் கீழே கிடந்தன. எங்கேயோ பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் ராகம் கேட்டது. அது மடத்திலிருந்து வந்ததா என்றால், மடம் ஊருக்கு மறுகோடியில் இருக்கிறது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் தலை மெல்ல மெல்லப் பெஞ்சின் மேல் இறங்கியது. கன்னத்தை வைத்து, தாரணி தூங்கின மாதிரியே தூங்கினார். எனக்கு அதற்குமேல் நினைவில்லை.

வேப்பமரத்தடி

கண் திறந்தபோது என் முகத்துக்கு மேல் சரசுவின் முகம் இருந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முட்டை எத்தனை பேருக்கு வேகவைப்பது என்று கேட்க வந்தவள், கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறாள். பிறகு முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு என்னை இழுத்து வந்திருக்கிறாள்.

"அவரு?" என்றேன்.

"உங்களைத்தான் மொதல்ல இழுக்க முடிஞ்சுது. நீங்க எலும்பு. அவரை இழுக்க ஆள் வேணும்ல" என்றாள். ரோட்டில் போன ஒரு லாரிக்காரரை நிறுத்தினாள். அவரும் கிளீனருமாகப் போய்ப் பொன்னுசாமியைத் தூக்கி வந்து என் பக்கத்தில் கிடத்தினார்கள். அவர் கண் திறக்கவில்லை. பையில் போன் அடித்தது.

சரசு அதை எடுத்துக் காதில் வைத்தாள். நான் மரத்தடியில் படுத்தபடி மறுமுனைக் குரலையும் கேட்டேன். குமரேசன்தான்.

"முதலாளி, நாஞ் சொல்றது கேக்குதுங்களா? கரி நனைஞ்சிருக்குதுங்க. பர்னர் அணைஞ்சு போச்சுங்க, பத்தவே மாட்டேங்குது. கேஸு சும்மாதான் போய்ட்டிருக்குது. பிளான்ட்டை நிறுத்திரட்டுங்களா? நீங்க சொன்னா நிறுத்தறேன்."

சரசு போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நிறுத்துடா. உங்க முதலாளி இங்க செத்துட்டிருக்காரு."

பிறகு நடந்தது

அவர் சாகவில்லை. சேலத்துக்குக் கொண்டுபோய், முகமூடி மாட்டி நாள் முழுக்க ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். எனக்கும் பக்கத்து வார்டில் கொடுத்தார்கள். எங்கள் விரலில் மாட்டிய கருவியில் அங்கேயும் நல்ல எண்தான் வந்தது. டாக்டர் அதைக் கழற்றி மேசை மேல் போட்டார். "இது ரத்தத்துல ஆக்ஸிஜன் ஏறியிருக்கா, அந்தக் கரி வாயு ஏறியிருக்கான்னு பிரிச்சுப் பார்க்காதுங்க. இரண்டும் இதுக்கு ஒரே சிவப்புதான்" என்றார். ஊசியில் ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

குமரேசன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றான். அவனைப் பார்க்கவே முடியவில்லை.

"சூளைக்குள்ள இரும்பு காய்ஞ்சுட்டிருக்குதுங்க டீச்சர். நடுவுல நிறுத்துனா நாளெல்லாம் வீணாப் போயிரும். முதலாளியைக் கேக்காம நாங்க எப்படிங்க நிறுத்தறது? அவரு போனை எடுக்கவேயில்லை" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மகள் அந்த அறையில்தான் படித்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து பர்னர் வேலை தெரிந்த இன்ஜினியர் ஒருவர் வந்தார். அந்த வாயு நன்றாக எரிந்தால் பெரிய ஆபத்தில்லை. காற்றை அளவாகக் கலக்காவிட்டால் பாதிதான் எரியும். தீ அணைந்தால் அப்படியே பச்சையாக வெளியே வரும். சூளையின் குட்டைச் சிம்னியிலிருந்து வந்தது, பனியில் மேலே ஏற முடியாமல் மதிலுக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த சந்தில் தேங்கியது. அதில் இருந்த கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைத்தது. இவ்வளவையும் அவர் சாதாரணமாகச் சொன்னார். இங்கே பர்னர் ஒரு வருஷமாகவே சரியாக எரியவில்லை என்றும் சொன்னார்.

பொன்னுசாமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மில்லை மூடிவிட்டார். எல்லாவற்றையும் மாற்றாமல் திறக்க மாட்டேன் என்றார். பல வீடுகளில் வேலை இல்லாமல் போனது. அந்த மாதங்கள் எனக்கு லேசாக இல்லை. கடையில் என்னைப் பார்த்தால் பேச்சு நிற்கும். ஒரு பாட்டி நேராகவே கேட்டார்: "புள்ளைங்க தூங்குனா தூங்கிட்டுப் போவுது, நீங்க ஏன் சாமி ஊடு ஊடாச் சோத்துல கை வெச்சீங்க?" தாரணியின் அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் மகளை வழக்கம்போல அனுப்பிவைத்தாள்.

பிறகு மில் திறந்தது. சிம்னி உயர்ந்தது. தீ அணைந்தால் வாயு தானாக அடைத்துக்கொள்கிற வால்வு வந்தது. எங்கள் பின்னறைச் சுவரில் வாயுவைக் கண்டுபிடித்து அலறுகிற ஒரு சிறு பெட்டியை மாட்டினார்கள். பிளான்ட்டை யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று மில் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டார் பொன்னுசாமி.

அவர் பழையபடி ஆகவில்லை. நடக்கிறார், பேசுகிறார், மில்லுக்குப் போகிறார். ஆனால் பெயர்கள் தப்பிவிடுகின்றன. என்னை ஒருமுறை அவருடைய அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் காலையைப் பற்றி அவருக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. ஒருநாள் கேட்டார், "நான் அங்க ஏதாச்சும் பேசுனனுங்களா டீச்சர்?" என்று.

"மகளைப் பத்திப் பேசுனீங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு போன்

போன மார்கழியில் எனக்கு ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்றுச் சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். அரிசி களைந்துகொண்டிருந்தேன். நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள், சின்ன வயசு டீச்சர். என் நம்பரை விஜயா டீச்சர் கொடுத்தாளாம்.

"உங்களைத் தொந்தரவு பண்றனுங்களா? ஒண்ணுமில்லீங்க, எங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு ஃபேக்டரி. இப்பத்தான் கேஸுக்கு மாத்தியிருக்காங்க. ஒரு வாரமாக் காலையில பிள்ளைங்க ஒரு மாதிரி இருக்காங்க. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. உங்களுக்கு எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேக்கலாம்னுதான்."

"பனி இருக்குதாம்மா அங்க?"

"நல்ல பனிங்க."

"பிள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க?"

"வகுப்புலதானுங்க. பரிட்சை எழுதிட்டிருக்காங்க. நான் வெளிய வந்துதான் பேசறேன். ஒரே அமைதியா எழுதறாங்க."

கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"அம்மணி, இப்பவே உள்ள போயி எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வா."

"பரிட்சை இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருங்க."

"முடிய வேண்டாம். போனைக் கட் பண்ணாதே. கையில வெச்சுட்டே போ."

அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க" என்றாள். பதில் இல்லை. மறுபடி சொன்னாள். யாரோ ஒரு பிள்ளையின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அடுப்படியில் நின்றேன். மருமகள் வந்து என்ன என்று கேட்டாள். கையைக் காட்டி நிறுத்தினேன்.

ஒரு பெஞ்சு தரையில் உரசியது. இன்னொன்று. யாரோ இருமினார்கள். நிறையக் கால்கள் இழுத்து இழுத்து நடக்கும் சத்தம். பிறகு வெளிக்காற்று போனில் மோதி இரைந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில், தூக்கம் கலைந்த எரிச்சலோடு ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது.

"டீச்சர், நான் இன்னும் எழுதி முடிக்கலைங்க."